டால்ஃபியை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி என்றாலே எல்லோரும் “அவுட் டு லஞ்ச்” ஆல்பத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டு தடவை கேட்டேன், உள்ளே போகவே முடியவில்லை. அவருடைய முதல் ஆல்பமான “அவுட்வர்டு பவுண்ட்” கேட்டுப் பார்க்கலாமா, இல்லை அது வெறும் ஆரம்பகால முயற்சிதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் கேளுங்கள். அதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றே சொல்வேன். ‘அவுட் டு லஞ்ச்’சில் தாளம், சுருதி, வாத்தியச் சேர்க்கை எல்லாமே ஒரே சமயத்தில் புதிதாக இருக்கின்றன. கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூண் கிடைப்பதில்லை. ‘அவுட்வர்டு பவுண்ட்’டில் தூண்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. பழகிய வடிவிலான மெட்டுகள், எண்ணிவிடக்கூடிய பார்கள் (தாளத்தின் சுற்றுகள்), அந்தக் காலத்து நல்ல ஜாஸ் குழு ஒன்றின் நடை. அதன் நடுவே ஒரே ஒரு ஆள் மட்டும் வேறு விதமாகப் பேசுகிறார். அந்த ஆள் எவ்வளவு தூரம் போகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்பதை அளக்க இதைவிட நல்ல இடம் அவருடைய பதிவுகளில் இல்லை.

‘ஆரம்பகால முயற்சி’ என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் இந்த ஆல்பம் ஒரே நாளில் பதிவானபோது டால்ஃபிக்கு 32 வயது ஆக இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. ஜாஸ் உலகில் அந்த வயதில் முதல் ஆல்பம் என்பது தாமதம். 1928இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவு வம்சாவளியினர், பனாமா வழியாக வந்தவர்கள். சிறு வயதிலேயே கிளாரினெட் கையில் வந்துவிட்டது. மகன் சாதகம் செய்வதற்காகப் பெற்றோர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு அறை கட்டிக் கொடுத்தார்கள். டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனும் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது அங்கே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அந்த அறையை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும். ஒரு கலைஞனுக்கு வீடு கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து அதுதான்.

பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸுக்கும் சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனுக்கும் சொல்லிக்கொடுத்த லாயிட் ரீஸ்தான் டால்ஃபிக்கும் வாத்தியார். 1940களின் கடைசியில் ராய் போர்ட்டரின் பெரிய பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தார். பிறகு ராணுவத்தில் மூன்று ஆண்டு. 1958இல் டிரம்ஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டனின் குழுவில் சேர்ந்தபிறகுதான் ஊருக்கு வெளியே பெயர் தெரிந்தது. 1959 முடியும் தறுவாயில் நியூயார்க் வந்து, மிங்கஸின் குழுவில் இடம் பிடித்தார். ஆக, ‘அவுட்வர்டு பவுண்ட்’ பதிவான அறைக்குள் நுழைந்தவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் அதிகம் படாமல் தன் மொழியைச் செதுக்கி முடித்திருந்தவர். அதனால்தான் இதில் தடுமாற்றம் என்று ஒன்று கேட்பதே இல்லை. வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே முழு ஆளும் இருக்கிறார்.

அந்த நேரத்தையும் கொஞ்சம் மனதில் வையுங்கள். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 ஆகஸ்டில் வெளிவந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்நெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்து, கார்டு (ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையே இல்லாமல் வாசிக்கலாம் என்று காட்டி ஊரை இரண்டாகப் பிளந்திருந்தார். இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ஸில் கார்டுகளை மூச்சுமுட்டும் வேகத்தில் அடுக்கிக் காட்டியிருந்தார். கார்டுகளை விட்டு வெளியேறுவது ஒரு வழி, கார்டுகளுக்குள் இன்னும் நெருக்கமாகப் புகுவது இன்னொரு வழி. டால்ஃபி மூன்றாவதாக ஒன்று செய்தார். கார்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதற்குப் பொருந்தும் சுரங்கள் எவை என்ற வரம்பைத்தான் விரித்துப் பார்ப்போம் என்றார். தன் வாசிப்பு சுருதிக்குள்தான் இருக்கிறது, தான் வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் பாட்டின் கார்டுகளோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். நிறையப் பேர் இதை நம்பவில்லை. நான் நம்புகிறேன். இந்த ஆல்பம்தான் என்னை நம்பவைத்தது.

முதல் பாட்டு ‘ஜி.டபிள்யூ.’ கிட்டத்தட்ட எட்டு நிமிடம். லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய பேண்ட் நடத்திய ஜெரால்ட் வில்சனுக்காக எழுதியது, தலைப்பு அவருடைய பெயரின் முதலெழுத்துகள். மெட்டே நேராக நடப்பதில்லை, முழங்கையை மடித்துக்கொண்டு திரும்புகிறது. அது முடிந்ததும் ஆல்டோ சாக்ஸபோன் பாய்ந்து வரும். இந்த இடத்தில்தான் பலர் பிடிதவறிப் போகிறார்கள்.

ஏன் தவறுகிறது? நம் காது படிப்படியாக ஏறி இறங்கும் இசைக்குப் பழகியது. ரிஷபத்திலிருந்து காந்தாரம், காந்தாரத்திலிருந்து மத்யமம் என்று பக்கத்து வீட்டுக்குப் போவதுபோலப் போகவேண்டும். டால்ஃபி கீழ் ஸ்தாயியின் ரிஷபத்திலிருந்து ஒரே தாவலில் மேல் ஸ்தாயியின் காந்தாரத்துக்குப் போவார். அடுத்த சுரம் மறுபடி கீழே. அதற்கடுத்தது இன்னும் மேலே. காது அதை ஒரே வரியாகக் கோக்கத் தெரியாமல் ‘என்னவோ கத்துகிறார்’ என்று முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. கொஞ்சம் இசை எழுதவோ வாசிக்கவோ தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். டால்ஃபியின் சோலோவில் (தனி வாசிப்பில்) ஏதாவது ஒரு சிறு துண்டை எடுத்து மெதுவாக ஓடவிடுங்கள். அதில் வரும் சுரங்களை எல்லாம் ஒரே ஸ்தாயிக்குள் கொண்டுவந்து பாடிப் பாருங்கள். பல இடங்களில் உங்கள் வாயில் வருவது சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசித்திருக்கக்கூடிய ஒரு பீபாப் (1940களில் பிறந்த வேகமான ஜாஸ் பாணி) வரி. அதே வளைவு, அதே மூச்சு, வாக்கியம் முடியும் இடமும் அதேதான். டால்ஃபி அந்த வரியைப் பிடித்து இரண்டு ஸ்தாயிக்கு மேல் இழுத்து விரித்துவிட்டார். பார்க்கரை அவர் எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தார் என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியும். எனக்கு இது பிடிபட்ட பிறகு ‘ஜி.டபிள்யூ.’ ஒருநாளும் கூச்சலாகக் கேட்கவில்லை. ஒரு கெட்டிக்கார மனிதர் சந்தோஷத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதுபோலவே கேட்கிறது.

தாவல் பாதிதான். மீதிப் பாதி உச்சரிப்பு. ஒவ்வொரு சுரத்தையும் அவர் தொடங்கும் விதம் வேறு வேறு. ஒன்றைக் குத்திக்கொண்டு தொடங்குவார், இன்னொன்றைக் கீழிருந்து வழுக்கி ஏற்றுவார், மற்றொன்றை அரைகுறையாக விழுங்கிவிடுவார். மனிதர் பேசும்போது கேள்விக்கு ஒரு தொனி, கெஞ்சலுக்கு ஒரு தொனி என்று வருமே, அப்படி. வரிக்கு வரி சுரத்தை எண்ணாமல், அந்தத் தொனியைப் பின்தொடர்ந்தாலே பாதி கதவு திறந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1962இல் ‘டவுன்பீட்’ பத்திரிகைக்கு டால்ஃபியும் கோல்ட்ரேனும் சேர்ந்து கொடுத்த பேட்டியில் பறவைகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. வீட்டில் சாதகம் செய்யும்போது பறவைகள் கூடவே குரல் கொடுக்கும், தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவற்றோடு வாசிப்பேன் என்கிறார் டால்ஃபி. நம் சுரங்களுக்கு நடுவே இருக்கும் சுரங்கள் பறவைகளிடம் உண்டு என்றும், இந்திய இசையிலும் அதுபோன்ற குணம் இருக்கிறது என்றும் தொடர்கிறார். இந்திய இசை என்று அவர் கேட்டது எதை எதை என்ற ஆராய்ச்சிக்குள் போகவேண்டாம். இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை வெற்றிடமாக நினைக்காமல், அங்கேதான் உயிர் இருக்கிறது என்று கேட்ட காது அவருடையது. கமகத்தோடு வளர்ந்த நமக்கு அந்தக் காதைப் புரிந்துகொள்வது கடினமே இல்லை. அவருடைய சுரங்கள் ‘சுருதி சேராமல்’ இருப்பதாகச் சிலர் குறை சொல்லும் இடங்களில், அவை வேண்டுமென்றே அசைக்கப்படுவதை நம்மால் உடனே உணரமுடியும். 1961 நவம்பரில் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்ற உருப்படியை வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் வாசித்தபோது கூட நின்று பேஸ் கிளாரினெட் (கிளாரினெட்டின் பெரிய, கனத்த குரல் கொண்ட வடிவம்) வாசித்தவரும் டால்ஃபிதான்.

பேஸ் கிளாரினெட் என்றதும் இரண்டாவது பாட்டுக்கு வந்துவிட்டோம். ‘ஆன் கிரீன் டால்ஃபின் ஸ்ட்ரீட்’. 1947இல் வந்த ஹாலிவுட் படத்துக்காக ப்ரானிஸ்லாவ் கேப்பர் அமைத்த மெட்டு. மைல்ஸ் 1958இல் பதிவுசெய்த பிறகு ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கத் தொடங்கியது. இதன் அமைப்பில் நமக்கு அனுகூலமான ஒன்று உண்டு. முதல் எட்டு பார்களில் கீழே அடிச்சுரம் தம்பூரா மாதிரி ஒன்றாகவே நிற்க, அதன் மேல் கார்டுகள் மட்டும் நகரும். அடுத்த எட்டில்தான் அடிச்சுரமும் நடக்கத் தொடங்கும். நிற்பதும் நடப்பதும் மாறி மாறி வரும். இந்த வித்தியாசத்தை முதலில் காதில் பதித்துக்கொண்டு பிறகு டால்ஃபியைக் கேளுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்ற திகைப்பு வராது.

அந்தக் காலத்தில் பேஸ் கிளாரினெட் ஜாஸில் தனி ஆவர்த்தனத்துக்கு உரிய வாத்தியமாக இருக்கவில்லை. சிம்பனி குழுக்களில் நிழல் சேர்ப்பதற்கு வைத்திருப்பார்கள். டியூக் எலிங்டனின் பேண்டில் ஹாரி கார்னி அவ்வப்போது எடுத்து வாசிப்பார். அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, முழு சோலோவின் பாரத்தையும் அதன் தோளில் ஏற்றியவர் டால்ஃபி. அவருக்குப் பிறகு ஜாஸில் அந்த வாத்தியத்தைத் தொட்ட எவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு வாத்தியத்தின் உடல்கூற்றையே கொஞ்சம் பார்க்கவேண்டும். சாக்ஸபோனிலும் ஃப்ளூட்டிலும் மேல் அடுக்குக்குப் போனால் அதே விரல் பிடியில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கிடைக்கும். கிளாரினெட் குடும்பம் அப்படியில்லை. அங்கே மேல் அடுக்கு ஒரு ஸ்தாயியும் அதற்குமேல் ஒரு பஞ்சமமும் தள்ளித்தான் திறக்கும். அதனால் கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பு வெளியே தெரியாமல் கடப்பதற்கே மாணவர்கள் பல ஆண்டுகள் உழைப்பார்கள். டால்ஃபி அந்த மடிப்பை ஒளிப்பதில்லை. கீழே கிணற்றடியிலிருந்து வரும் கருத்த மரக்குரல், மேலே தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் வெளிச்சக் குரல், இரண்டையும் இரண்டு பாத்திரங்களாக வைத்து ஒரே ஆள் நாடகம் நடத்துகிறார். ஆல்டோவில் இருந்த தாவல் இங்கே ஒரு உரையாடலாக மாறிவிடுகிறது.

‘மூன்று வாத்தியம் வாசிப்பவர்’ என்று அவரை அறிமுகப்படுத்துவது சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் ஏதோ சர்க்கஸ் வித்தை மாதிரி ஆகிவிடும். பெரிய பேண்டுகளில் ஒருவரே சாக்ஸபோன், கிளாரினெட், ஃப்ளூட் மூன்றையும் கையாள்வது அன்று சாதாரணம், பிழைப்புக்கு அது தேவைப்பட்டது. டால்ஃபியிடம் வாத்தியம் மாறும்போது ஆளே கொஞ்சம் மாறுகிறார். ஆல்டோவில் அவசரமும் ஆர்வமும் உள்ள வாலிபர். பேஸ் கிளாரினெட்டில் ஊரை நன்றாகத் தெரிந்த, சிரிக்கவும் மிரட்டவும் தெரிந்த கதைசொல்லி. ஃப்ளூட்டில் தனியாக உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் ஒருவர்.

அந்த மூன்றாவது ஆளைப் பார்க்க ‘கிளாட் டு பி அன்ஹாப்பி’க்குப் போகவேண்டும். ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லோரன்ஸ் ஹார்ட்டும் 1936இல் மேடை நாடகம் ஒன்றுக்காக எழுதிய காதல் சோகப் பாட்டு. டால்ஃபியைக் கண்டு பயப்படும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். மெட்டை அவர் மதிக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு வரியை முதலில் நேராகச் சொல்வார். அடுத்த தடவை அதே வரியின் ஓரங்களில் சின்னச் சின்ன அணிகள் பூட்டுவார். பிறகு அந்த அணிகளே வளர்ந்து மெட்டை மூடிக்கொள்ளும், ஆனாலும் உள்ளே மெட்டு மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது தெரியும். ஆல்டோவில் உங்களை விரட்டிய அதே பெருந்தாவல்கள் இங்கேயும் உண்டு. ஃப்ளூட்டின் மென்மையில் அவை உறுத்துவதில்லை. இதைக் கேட்டுவிட்டு ‘ஜி.டபிள்யூ.’வுக்குத் திரும்பினால் அதே மனிதரின் அதே பழக்கங்கள் முகம் காட்டும்.

குழுவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் விட்டது நியாயமில்லை. இந்த ஆல்பத்தின் பாதி வெற்றி அவர்களுடையது.

ட்ரம்பெட் ஃப்ரெட்டி ஹப்பர்ட். இண்டியானாபோலிஸிலிருந்து வந்த பையன், 22 வயது நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. சொந்த முதல் ஆல்பத்தை அவர் பதிவுசெய்தது அந்த ஜூன் மாதத்தில்தான். அவரும் டால்ஃபியும் ப்ரூக்ளினில் ஒன்றாகத் தங்கியிருந்தவர்கள். ஹப்பர்டின் வாசிப்பு உருண்டு திரண்டது, பளபளப்பானது, கார்டுகளின் மேல் நேர்க்கோட்டில் ஓடுவது. சில விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு, டால்ஃபியின் மொழியை அவர் பேசவில்லை என்று. அது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் இந்த ஆல்பத்துக்கு நன்மையே செய்திருக்கிறது. ஒரே பாட்டு, ஒரே கார்டுகள், இரண்டு பேர் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். ஹப்பர்ட் நடந்த பாதையை நினைவில் வைத்துக்கொண்டு டால்ஃபி நடந்த பாதையைப் பார்த்தால் இரண்டுமே ஒரே ஊருக்குத்தான் போகின்றன என்பது தெளிவாகும்.

பியானோ ஜாக்கி பையார்ட். 1920களின் ஸ்ட்ரைட் என்ற பழைய பியானோ பாணியிலிருந்து அன்றைய புதுப் பாணிவரை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர். டால்ஃபி சொல்வதற்குப் பின்னால் அவர் வைக்கும் கார்டுகளைக் கேளுங்கள். தலைவர் வெளியே போகும்போது அவரைத் திரும்ப இழுக்கவும் மாட்டார், கண்மூடித்தனமாகக் கூடவே ஓடவும் மாட்டார். வாசலில் ஒரு விளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருப்பார். பேஸ் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஜார்ஜ் டக்கர். கனமான, உருண்டையான சுரம், நாலு அடியும் நாலு தூண். அவருடைய பெயர் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. 1965இலேயே போய்விட்டார். இந்த ஆல்பத்தில் தரை என்று ஒன்று இருந்தால் அது அவர்தான்.

டிரம்ஸ் ராய் ஹேன்ஸ். சார்லி பார்க்கரோடு வாசித்தவர், தெலோனியஸ் மாங்கோடு வாசித்தவர், 2024இல் 99 வயதில் மறையும்வரை ஜாஸின் நடமாடும் வரலாறாக இருந்தவர். ஸ்நேர் டிரம்மில் அவர் போடும் வறுத்த கடலை மாதிரியான சொற்கள் தாளத்தை நிரப்புவதற்கு மட்டும் வருவதில்லை, சோலோ வாசிப்பவரின் வாக்கியத்துக்குப் பதிலாகவும் வருகின்றன. ‘ஜி.டபிள்யூ.’வை ஒருமுறை டால்ஃபியை விட்டுவிட்டு ஹேன்ஸை மட்டும் கேளுங்கள். ஆல்டோ ஒரு பெரிய தாவல் எடுக்கும்போது அவருடைய இடது கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். டால்ஃபியின் வரிகள் குழப்பமானவை என்ற எண்ணம் இருந்தால் அந்த ஒரே கேட்பில் போய்விடும். குழம்பிய வாக்கியத்துக்கு யாரும் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லமுடியாது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ‘245’. ப்ரூக்ளினில் டால்ஃபி குடியிருந்த வீட்டின் கதவிலக்கம். மெதுவாக நடக்கும் ப்ளூஸ். ப்ளூஸ் என்பது ஜாஸ்காரருக்குத் தாய்ப்பால் மாதிரி, அதில் பொய் சொல்லமுடியாது. டால்ஃபி மண்ணை விட்டுப் பறப்பவர், மூளையால் வாசிப்பவர் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில். வேகம் குறைந்திருப்பதால் ஒவ்வொரு சுரத்தையும் அவர் எப்படிப் பிழிகிறார், எப்படி அழவைக்கிறார் என்பது தெளிவாகக் கேட்கும். ஆல்பத்திலேயே எனக்கு மிக நெருக்கமான ஏழு நிமிடம் இதுதான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மற்ற இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘லெஸ்’ டிராம்போன் வாசித்த நண்பர் லெஸ்டர் ராபர்ட்சனின் பெயரில் அமைந்த வேகமான உருப்படி, சோலோக்கள் விறுவிறுப்பு, மெட்டு மறந்துபோகும். கடைசியாக வரும் ‘மிஸ் டோனி’ சார்ல்ஸ் க்ரீன்லீ எழுதியது. அந்தக் கால ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியின் நல்ல மாதிரி, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன், டால்ஃபி அதில் பேஸ் கிளாரினெட்டைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால்.

மறுவெளியீடுகளில் ‘ஏப்ரல் ஃபூல்’ என்று ஃப்ளூட்டில் ஒன்றும், ‘ஜி.டபிள்யூ.’, ‘245’ இரண்டின் மாற்றுப் பதிவுகளும் சேர்க்கப்பட்டிருக்கும். பதிவு நடந்த தேதியை நினைத்தால் அந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று புரியும். மாற்றுப் பதிவுகளை உடனே கேட்கவேண்டாம். மூலப் பதிவுகள் மனப்பாடம் ஆனபிறகு கேளுங்கள். ஒரே நாளில், ஒரே மெட்டின் மேல், அதே மனிதர் வேறு வார்த்தைகளில் பேசுவதைக் கேட்கும்போது கிடைக்கும் ஆச்சரியத்தை வீணாக்கிவிடாதீர்கள்.

ஒரு நடைமுறை வேண்டுகோள். கைபேசியின் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். டக்கரின் பேஸும் பேஸ் கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களும் அதில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது உச்சஸ்தாயித் தாவல்கள் மட்டும்தான். தரை இல்லாமல் தாவலை மட்டும் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. சுமாரான ஹெட்போன் போதும். வான் கெல்டர் இந்த ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குமுன் பெற்றோர் வீட்டு முன்னறையில்தான் பதிவு செய்துகொண்டிருந்தார். புதிய இடம் உயரமான மரக்கூரை போட்ட கூடம். வாத்தியங்களைச் சுற்றி இருக்கும் காற்றுகூட அந்தக் கூடத்தில் பதிவாகியிருக்கிறது.

உங்களுக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதற்காக வருத்தப்படவும் வேண்டாம். அவர் காலத்திலேயே இது பெரிய சண்டையாக இருந்தது. 1961இல் கோல்ட்ரேனும் டால்ஃபியும் சேர்ந்து வாசித்ததை ‘டவுன்பீட்’டில் ஒரு விமர்சகர் ஜாஸுக்கே எதிரானது என்று எழுதினார். பறவைகளைப் பற்றிய அந்தப் பேட்டியே அதற்குப் பதிலாக வந்ததுதான். 1964 ஜூனில் அதே பத்திரிகையில் மைல்ஸ் டேவிஸ் டால்ஃபியின் வாசிப்பை மிகக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அந்த மாதம் 29ஆம் தேதி டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். 36 வயது. நீரிழிவு இருப்பது கண்டுபிடிக்கப்படாமலே முற்றியிருந்தது. ‘அவுட்வர்டு பவுண்ட்’டுக்கும் அந்த நாளுக்கும் நடுவே நான்கு ஆண்டு மூன்று மாதம்தான். அதற்குள் அவர் மிங்கஸோடும் கோல்ட்ரேனோடும் ஆர்நெட்டோடும் ஆலிவர் நெல்சனோடும் வாசித்தார், 1962இல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் விழாவில் நவீன இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் தனி ஃப்ளூட் உருப்படியை வாசித்தார், தன் பெயரிலும் ஆல்பம்மேல் ஆல்பமாகப் பதிவுசெய்தார். சாப்பிடவும் தூங்கவும் நேரம் எங்கே கிடைத்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு எந்த வரிசையில் போவது என்றும் கேட்பீர்கள். ‘அவுட்வர்டு பவுண்ட்’டை இரண்டு வாரம் கேட்டபிறகு, ஆலிவர் நெல்சனின் ‘தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’ கேளுங்கள். 1961 பிப்ரவரியில் பதிவானது. டால்ஃபி, ஹப்பர்ட், ஹேன்ஸ் மூவரும் அதில் மறுபடி ஒன்றாக இருக்கிறார்கள், பியானோவில் பில் எவன்ஸ். ‘ஸ்டோலன் மொமெண்ட்ஸ்’ஸில் வரும் ஃப்ளூட் சோலோ உங்களுக்கு இப்போது பழகிய குரலாக இருக்கும். அடுத்து டால்ஃபியின் ‘ஃபார் க்ரை’. 1960 டிசம்பர் 21 அன்று பதிவானது. அதே நாளில்தான் அவர் ஆர்நெட்டின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவிலும் வாசித்தார். பையார்டும் ஹேன்ஸும் இதிலும் இருக்கிறார்கள், ட்ரம்பெட் புக்கர் லிட்டில். ஹப்பர்டைவிட லிட்டில் டால்ஃபியின் மனதுக்கு நெருக்கமாக வாசிப்பவர், அந்த வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அந்த ஆல்பத்தில் ‘டெண்டர்லி’யை யாருடைய துணையும் இல்லாமல் தனி ஆல்டோவில் வாசித்திருக்கிறார். தரையை முழுவதும் எடுத்துவிட்ட பிறகும் தரை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக் கேட்கிறதா என்று அங்கே சோதித்துப் பாருங்கள்.

அதெல்லாம் முடிந்தபிறகு ‘அவுட் டு லஞ்ச்’சுக்குத் திரும்புங்கள். 1964 பிப்ரவரி, அதே வான் கெல்டர் ஸ்டூடியோ. பியானோ இருந்த இடத்தில் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) இருக்கும். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், இருபது வயதுகூட ஆகாதவர். முதல் தடவை டால்ஃபியைக் கேட்காதீர்கள். ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது ஹப்பர்ட்தான். ‘ஜி.டபிள்யூ.’வில் நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பையன் நாலு வருடத்தில் தாவக் கற்றுக்கொண்டிருப்பது உங்களுக்குக் கேட்கும்.